தரவுத்தளத்தில் ஆய்வுக் கட்டுரை தேடும்போது எந்தச் சொல்லை இடுவது?

ஆய்வு மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரவுப் பணியில் இருக்கும் செவிலியரின் உறக்கக் குறைவுக்கும், நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கையில் அவர்களிடம் நேரும் பிழைகளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இதுவரை வந்துள்ள ஆய்வுகளைத் தொகுக்க வேண்டியுள்ளது. எங்கள் நூலகத்தின் இணையப் பக்கத்தில் பப்மெட், சினால், ஸ்கோபஸ் உள்ளிட்ட பல தரவுத்தளங்களுக்கு இணைப்புகள் இருக்கின்றன. என் தலைப்பை முழு வாக்கியமாகத் தேடல் பெட்டியில் எழுதினால் ஒன்றிரண்டு கட்டுரைகள் வருகின்றன, சில தளங்களில் ஒன்றுமே வருவதில்லை. அதையே இரண்டு சொற்களாகச் சுருக்கினால் ஆயிரக்கணக்கில் வந்து குவிகின்றன. அவற்றுள் முதல் பக்கத்தில் இருப்பவை ஓரளவு பொருத்தமாகவே தெரிகின்றன. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு நிறுத்திக்கொள்வது முறையாகுமா? கூடுதல் குறிகளும் கட்டளைகளும் கற்றுக்கொண்டால் இந்தச் சிக்கல் தீருமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

துணை நூலகர் எழுதியது:

வணக்கம். குறிகளும் கட்டளைகளும் பிறகு வரட்டும். நூலகத்தில் இந்தக் கேள்வியோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, நீங்கள் தேடும் கட்டுரையை எழுதியவர் இந்தப் பொருளை எந்தச் சொல்லால் குறித்திருப்பார் என்பதைத்தான். தரவுத்தளம் உங்கள் எண்ணத்தைத் தேடுவதில்லை. நீங்கள் எழுதிய எழுத்துக் கோவையை, கட்டுரையின் தலைப்பிலும் சுருக்கத்திலும் பொருள் தலைப்புகளிலும் உள்ள எழுத்துக் கோவைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவே. முழு வாக்கியத்தை இடும்போது, அதிலுள்ள எல்லாச் சொற்களும் ஒரே கட்டுரையில் இருக்க வேண்டும் என்று பல தளங்கள் பொருள் கொள்கின்றன. ஆகவேதான் உங்களுக்கு ஒன்றிரண்டு மட்டும் கிடைக்கின்றன.

உங்கள் தலைப்பைப் பிரித்துப் பாருங்கள். அதில் செவிலியர், இரவுப் பணி, உறக்கக் குறைவு, மருந்துப் பிழை என்று நான்கு கருத்துகள் உள்ளன. 'தொடர்பு', 'தாக்கம்', 'பங்கு' போன்ற சொற்கள் ஆய்வேட்டின் தலைப்புக்கு அழகு சேர்க்கலாம், தேடலுக்கு அவை சுமை. எந்த ஆய்வும் ஏதோ ஒரு தொடர்பையோ தாக்கத்தையோ பற்றியதாகத்தான் இருக்கும். அவற்றை முதலில் நீக்கிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு தாளில் தனிப் பத்தி ஒதுக்கி, அதே பொருளைக் குறிக்கும் பிற சொற்களை எழுதுங்கள். இரவுப் பணியை ஒருவர் 'நைட் ஷிஃப்ட்' என்பார், இன்னொருவர் 'நைட் டூட்டி' என்பார், மூன்றாமவர் சுழற்சிப் பணியைக் குறிக்கும் 'ரொட்டேட்டிங் ஷிஃப்ட்' என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்வார், நான்காமவர் 'எக்ஸ்டெண்டட் வொர்க் அவர்ஸ்' என்று பணி நேரத்தின் நீளத்தைச் சொல்லி, இரவு என்ற சொல்லையே தொடாமல் போய்விடுவார். நால்வரின் கட்டுரைகளும் உங்களுக்கு வேண்டியவையே.

இந்தச் சொல் வேற்றுமையைச் சமாளிக்கத்தான் நூலக அறிவியலில் பொருள் தலைப்புகள் என்ற ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960-இல் வெளியிடத் தொடங்கிய 'மெஷ்' என்னும் சொல் தொகுதி இதற்குத் தக்க சான்று. அதில் இன்று ஏறத்தாழ 30,000 தலைப்புகள் உள்ளன. ஆசிரியர் 'ஹார்ட் அட்டாக்' என்று எழுதினாலும் அந்தக் கட்டுரை 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்ற ஒரே தலைப்பின் கீழ் சேர்க்கப்படும், 'கேன்சர்' என்று எழுதப்பட்டது 'நியோப்ளாசம்ஸ்' என்பதன் கீழ் போகும். உங்கள் பொருளுக்கு 'மெடிகேஷன் எர்ரர்ஸ்', 'ஸ்லீப் டெப்ரிவேஷன்', 'ஷிஃப்ட் வொர்க் ஷெட்யூல்', 'வொர்க் ஷெட்யூல் டாலரன்ஸ்' ஆகிய தலைப்புகள் அதில் உள்ளன. கடைசித் தலைப்பை நீங்களாக ஊகித்திருக்க மாட்டீர்கள். இத்தகையவற்றைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும் பொருத்தமான கட்டுரை ஒன்றைப் பப்மெட்டில் திறந்து, அதன் பக்கத்தின் அடிப்பகுதியில் கொடுக்கப்பட்டுள்ள பொருள் தலைப்புகளைப் படிப்பதுதான்.

சினாலுக்கு அதற்கே உரிய தலைப்புகள் உண்டு. கல்வித் துறைக்கான எரிக் தளமும் உளவியலுக்கான சைக்இன்ஃபோவும் தத்தமது சொல் தொகுதிகளை வைத்திருக்கின்றன. ஒரு தளத்தின் தலைப்பை அப்படியே எடுத்து மற்றொன்றில் இட்டால் வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம்.

இயற்பியல் வாசகர் எழுதியது:

நூலகர் கூறுவதில் பிழையில்லை. ஆனால் இவ்வளவு முன்னேற்பாடு எல்லோருக்கும் தேவைதானா என்ற ஐயம் எனக்கு உண்டு. என் துறையில் புதிய கட்டுரைகள் பெரும்பாலும் 1991 முதல் இயங்கிவரும் ஆர்கைவ் முன்பதிப்புக் களஞ்சியத்தில், அதாவது இதழில் வெளியாகும் முன்பே கட்டுரைகளை இடும் தளத்தில், வந்துவிடுகின்றன. மற்றவற்றுக்குக் கூகுள் ஸ்காலர் போதுமானதாக இருக்கிறது. நான் சொற்களைக் கொண்டு தேடுவதே குறைவு. பொருத்தமான கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால், அதன் மேற்கோள் பட்டியலின் வழியே பின்னோக்கிச் செல்வேன், அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளின் வழியே முன்னோக்கிச் செல்வேன்.

இந்த வழி இணையம் தந்த புதுமை அன்று. யூஜின் கார்ஃபீல்ட் 1955-இலேயே இதை ஒரு கட்டுரையில் முன்மொழிந்து, 1964-இல் அறிவியல் மேற்கோள் அடைவாக அச்சில் கொண்டுவந்தார். இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளம் அதிலிருந்து வளர்ந்ததுதான். சொற்கள் காலத்துக்குக் காலம் மாறும், துறைக்குத் துறை மாறும். ஒருவர் இன்னொருவரின் ஆய்வைப் பயன்படுத்தியிருக்கிறார் என்ற உண்மை மட்டும் மாறாது. எனவே மாணவிக்கு நான் சொல்வது, சிறந்த கட்டுரைகள் மூன்று நான்கைத் தேர்ந்துகொண்டு அவற்றின் மேற்கோள்களைப் பின்தொடருங்கள் என்பதே. பொருள் தலைப்புகளைத் தேடிச் சேர்க்கும் நேரத்தில் பாதிக் கட்டுரைகளைப் படித்தே முடித்துவிடலாம்.

துணை நூலகர் எழுதியது:

மேற்கோள் வழித் தேடல் வலிமையானது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அதை மட்டுமே நம்புவதில்தான் இடர் உள்ளது. ஒரே சிந்தனைப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் தங்களுக்குள்ளேயே மேற்கோள் காட்டிக்கொள்வார்கள். மாற்று முடிவைக் கண்ட ஆய்வு பேசப்படாமல் போயிருந்தால், இந்தச் சங்கிலியில் எங்கிருந்து தொடங்கினாலும் அதை எட்ட முடியாது. மேலும், உங்கள் துறையில் முன்பதிப்புகள் ஒரே களஞ்சியத்தில் குவிந்திருக்கும் வசதி செவிலியத்தில் இல்லை. மாணவியின் பொருள் செவிலியம், உறக்க அறிவியல், பணிச்சூழல் மருத்துவம், நோயாளிப் பாதுகாப்பு ஆகிய நான்கு துறைகளில் சிதறிக் கிடக்கிறது. உறக்க அறிவியலார் செவிலிய இதழ்களை மேற்கோள் காட்டுவார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

கூகுள் ஸ்காலரைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். 2004 நவம்பரில் அது வந்த பிறகு கட்டுரைகளைக் கண்டுபிடிப்பது எளிதாயிற்று என்பதை மறுக்க மாட்டேன். ஒரு குறிப்பிட்ட கட்டுரையின் தலைப்பு தெரிந்திருந்து, அதன் இலவசப் படி எங்கேனும் கிடைக்குமா என்று பார்ப்பதற்கு அதைவிட விரைவானதை நான் அறியேன். ஆயினும் எத்தனை ஆயிரம் முடிவுகள் என்று அது அறிவித்தாலும், ஒரு தேடலுக்கு முதல் 1,000 முடிவுகளுக்கு மேல் காட்டுவதில்லை. பொருள் தலைப்புகள் அதில் கிடையா. சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு உட்பட்டவற்றை மட்டும் பிரித்துக் காட்டும் வசதியும் இல்லை, ஆகவே மாணவர் ஆய்வேடும் மாநாட்டு உரையும் இதழ்க் கட்டுரையும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவை அதில் முன்னே வரும் போக்கு இருப்பதால், சென்ற ஆண்டு வெளியான நல்ல கட்டுரை எங்கோ பின்னால் கிடக்கக்கூடும். தொடங்குவதற்கு அது தகுந்த இடம்தான். அங்கேயே முடித்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மீளாய்வுக் குழு உறுப்பினர் எழுதியது:

ஒரு பொருளைப் பற்றிய எல்லா ஆய்வுகளையும் வகுத்த முறைப்படி தேடித் தொகுக்கும் முறைசார் மீளாய்வுகளில் பணியாற்றும் அனுபவத்தில், மாணவி கேட்ட முதல் கேள்விக்கு விடை சொல்ல விரும்புகிறேன். முதல் பக்கம் பொருத்தமாகத் தெரிகிறது என்பதால் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். பொருத்தமாகத் தெரிவதுதான் அங்கே ஆபத்து.

1985-இல் டேவிட் பிளேர், மரோன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஒரு பெரிய வழக்கிற்காகக் கணினியில் ஏற்றப்பட்டிருந்த ஏறத்தாழ 40,000 ஆவணங்களில் வழக்கறிஞர்கள் தங்களுக்கு வேண்டியவற்றைத் தேடினார்கள். பொருத்தமான ஆவணங்களுள் 75 விழுக்காட்டையேனும் எடுத்துவிட்டோம் என்று அவர்கள் நம்பினார்கள். சரிபார்த்தபோது, உண்மையில் கிடைத்திருந்தது சராசரியாக 20 விழுக்காடுதான் என்று தெரிந்தது. அவர்கள் தேர்ச்சியற்றவர்களும் அல்லர், சோம்பேறிகளும் அல்லர். விபத்தைப் பற்றிய வழக்கு என்பதால் அவர்கள் 'விபத்து' என்ற பொருள் தரும் சொற்களைத் தேடினார்கள். அந்த நிகழ்வில் நேரடியாகத் தொடர்புடையவர்களின் எழுத்துகளிலோ அது விபத்து என்றே சுட்டப்படாமல், 'வருந்தத்தக்க சூழ்நிலை' என்பது போன்ற மழுப்பலான சொற்களால் குறிக்கப்பட்டிருந்தது. கிடைத்த ஆவணங்கள் பெரும்பாலும் பொருத்தமாகவே இருந்ததால், கிடைக்காமல் போனவற்றைப் பற்றி ஐயம் கொள்ள அவர்களுக்குக் காரணமே எழவில்லை. உங்கள் முதல் பக்கமும் இதே நிறைவைத்தான் தருகிறது.

விடுபட்டவற்றை எப்படி அறிவது என்று நீங்கள் கேட்கக்கூடும். முழுமையாக அறிய வழியில்லை, ஆனால் சோதிக்க வழி உண்டு. உங்கள் தொகுப்பில் கட்டாயம் இடம்பெற வேண்டிய கட்டுரைகள் சிலவற்றை, உங்கள் வழிகாட்டியிடம் கேட்டோ முந்தைய மீளாய்வுகளின் மேற்கோள்களிலிருந்தோ முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இயற்பியல் வாசகர் சொன்ன வழி இதற்கு மிகவும் உதவும். பிறகு உங்கள் தேடல் தொடரை இயக்கி, அந்தக் கட்டுரைகள் முடிவுகளில் வருகின்றனவா என்று பாருங்கள். வராத கட்டுரை ஒவ்வொன்றையும் திறந்து, அதன் தலைப்பிலும் சுருக்கத்திலும் எந்தச் சொல் இருந்தும் நீங்கள் இடவில்லை என்று கண்டறிந்து, அதைத் தொடரில் சேருங்கள். அதே தொடரை மீண்டும் இயக்குங்கள். புதிதாகச் சேர்க்கும் சொற்கள் புதிய பொருத்தமான கட்டுரை எதையும் கொண்டுவராத நிலை வரும்போது நிறுத்தலாம். எத்தனையாவது பக்கத்தில் நிறுத்துவது என்ற கேள்வியை நான் இப்படித்தான் மாற்றிக் கேட்பேன்.

இன்னொன்றும் உண்டு. நான்கு கருத்துகள் இருக்கின்றன என்பதற்காக நான்கையும் தேடலில் சேர்க்க வேண்டியதில்லை. விளைவைக் குறிக்கும் கருத்து, உங்கள் தலைப்பில் மருந்துப் பிழை, பல கட்டுரைகளின் சுருக்கத்தில் இடம்பெறுவதே இல்லை. ஆய்வாளர் பத்து விளைவுகளை அளந்து, முக்கியமான இரண்டை மட்டும் சுருக்கத்தில் சொல்லியிருப்பார். மருந்துப் பிழை உள்ளே ஓர் அட்டவணையில் இருக்கும். முதலில் அக்கருத்தை விட்டுவிட்டுத் தேடிப் பாருங்கள். வரும் எண்ணிக்கையைத் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்தே வடிகட்ட முடியும் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சமாளிக்க முடியாத அளவுக்கு வந்தால் மட்டும் அதைச் சேருங்கள்.

ஆய்வு மாணவி எழுதியது:

விரிவான விளக்கங்களுக்கு நன்றி. வழக்கறிஞர்களைப் பற்றிய செய்தி என் எண்ணத்தை வெகுவாக மாற்றிவிட்டது. தாளில் நான்கு பத்திகள் வரைந்து சொற்களை எழுதத் தொடங்கியிருக்கிறேன். இப்போது எழும் ஐயம், இவற்றை எவ்வாறு இணைப்பது என்பதுதான். ஆண்ட், ஆர், நாட் என்ற மூன்று இணைப்புச் சொற்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஆனால் ஒரே தொடரை இரண்டு தளங்களில் இட்டபோது, கட்டுரைகளின் தன்மையே வேறாக இருக்கிறது. ஒரு தளத்தில் செவிலியரைப் பற்றிய கட்டுரைகள் வருகின்றன, மற்றொன்றில் உறக்கத்தோடு சிறிதும் தொடர்பில்லாதவை ஏராளமாக வருகின்றன. இது ஏன்?

துணை நூலகர் எழுதியது:

நீங்கள் அடைப்புக்குறி இடாமல் எழுதியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒரே கருத்தைக் குறிக்கும் சொற்களை 'ஆர்' கொண்டு சேர்க்க வேண்டும், வெவ்வேறு கருத்துகளை 'ஆண்ட்' கொண்டு இணைக்க வேண்டும் என்பது எல்லாத் தளங்களுக்கும் பொதுவானது. எதை முதலில் கணக்கிடுவது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. வெப் ஆஃப் சயின்ஸ் 'ஆண்ட்' என்பதை முதலில் கணக்கிட்டுப் பிறகு 'ஆர்' என்பதற்கு வருகிறது. ஸ்கோபஸ் இதற்கு நேர்மாறாக 'ஆர்' என்பதை முதலில் எடுக்கிறது. பப்மெட்டோ இடமிருந்து வலமாக வரிசையாகச் செல்கிறது. ஆகவே 'செவிலியர் ஆர் மருத்துவர் ஆண்ட் உறக்கம்' என்று எழுதினால், ஸ்கோபஸ் அதை இரு தரப்பாரில் எவருடைய உறக்கமும் என்று கொள்ளும். வெப் ஆஃப் சயின்ஸோ மருத்துவரின் உறக்கத்தோடு செவிலியரைப் பற்றிய அத்தனை கட்டுரைகளையும் அள்ளிக்கொண்டு வரும். 'ஆர்' கொண்டு சேர்த்த ஒவ்வொரு குழுவையும் அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டால் இந்த விதிகள் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை.

'நாட்' என்பதைக் கூடுமானவரை தவிருங்கள். மருத்துவரைப் பற்றிய கட்டுரைகள் வேண்டாம் என்று அதைப் பயன்படுத்தினால், செவிலியரையும் மருத்துவரையும் ஒப்பிட்ட கட்டுரைகளும் உடன் போய்விடும். அவைதாம் உங்களுக்கு மிகவும் வேண்டியவையாக இருக்கக்கூடும்.

இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்ட சொற்கள் அதே வரிசையில் சேர்ந்தே வர வேண்டும். ஸ்கோபஸில் மட்டும் இது சற்றுத் தளர்வானது, துல்லியமான தொடர் வேண்டுமானால் அங்கே நெளிவு அடைப்புக்குறியைப் பயன்படுத்த வேண்டும். மேற்கோள் குறிக்கும் வெறும் 'ஆண்ட்' இணைப்புக்கும் இடைப்பட்டதாக அண்மைத் தேடல் ஒன்று உண்டு. இரண்டு சொற்கள் எந்த வரிசையில் வந்தாலும் சரி, இடையே இத்தனை சொற்களுக்குள் இருந்தால் போதும் என்று கேட்பது அது. சினால் போன்றவற்றை வழங்கும் எப்ஸ்கோ நிறுவனத்தின் தளங்களில் 'என்' என்ற ஆங்கில எழுத்தோடு எண்ணைச் சேர்த்து எழுத வேண்டும், வெப் ஆஃப் சயின்ஸில் 'நியர்' என்ற சொல்லுக்குப் பின் சாய்கோடும் எண்ணும் இட வேண்டும். பப்மெட்டில் இந்த வசதி 2022-இல்தான் வந்தது. மாணவர்கள் இதைப் பெரும்பாலும் அறியாமலே இருக்கிறார்கள், எனக்கோ மற்ற எல்லாவற்றையும்விட இதுவே அதிகம் பயன்படுகிறது.

சொல்லின் அடியோடு நட்சத்திரக் குறியை இட்டால் அந்த அடியில் தொடங்கும் எல்லாச் சொற்களும் வரும். அடியை எங்கே வெட்டுகிறோம் என்பதில் கவனம் தேவை. பூனையைத் தேடுபவர் 'கேட்' என்பதோடு குறியை இட்டால் கேட்டகரி, கேட்டலிஸ்ட், கேட்டில் எல்லாம் சேர்ந்து வரும். பப்மெட்டில் குறிக்கு முன் குறைந்தது நான்கு எழுத்துகள் இருக்க வேண்டும். அங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. நீங்கள் வெறும் சொல்லை இட்டால் பப்மெட் தானாகவே அதற்கு ஈடான மெஷ் தலைப்பையும் சேர்த்துத் தேடும். நட்சத்திரக் குறியோ மேற்கோள் குறியோ இட்டவுடன் அந்த உதவியை நிறுத்திக்கொள்ளும். மேம்பட்ட தேடல் பக்கத்தில் உள்ள தேடல் வரலாற்றில், உங்கள் வினவலை அது எவ்வாறு விரித்துப் புரிந்துகொண்டது என்று முழுமையாகக் காட்டும் விவரம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதைத் திறந்து படிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வடிப்பான்களைப் பற்றியும் ஒரு சொல். 'முழுப் பாடம் மட்டும்' என்ற வடிப்பானைத் தொடக்கத்திலேயே அழுத்திவிடுகிறவர்கள் பலர். அந்தத் தளத்தில் இல்லாவிட்டாலும் உங்கள் நூலகம் சந்தா செலுத்தும் வேறொரு தளத்தில் அந்தக் கட்டுரை இருக்கலாம் என்பதை அந்த வடிப்பான் அறியாது. பப்மெட்டில் மனிதர், வயது போன்ற வடிப்பான்கள் மெஷ் தலைப்புகளைச் சார்ந்தவை. அத்தலைப்புகள் இடப்படாத கட்டுரைகள், பொருத்தமானவையாக இருந்தாலும், ஓசையின்றி விலக்கப்பட்டுவிடும். ஆண்டு, மொழி ஆகிய இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வரலாற்று மாணவர் எழுதியது:

மருத்துவத் துறையினருக்கு மெஷ் இருக்கிறது. எங்களைப் போன்றோர் பெரிதும் நம்பியிருப்பது 1995-இல் தொடங்கப்பட்ட ஜேஸ்டோர் போன்ற முழுப் பாடத் தொகுப்புகளை. அங்கே சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. பழைய கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் சுருக்கமே கிடையாது. தேடல் பெட்டியில் இட்ட சொல் கட்டுரையின் எந்த மூலையில் இருந்தாலும், ஓர் அடிக்குறிப்பில் ஒருமுறை வந்திருந்தாலும், அந்தக் கட்டுரை முடிவுகளில் வந்துவிடும். 'ஆண்ட்' என்ற இணைப்பு அங்கே ஏறக்குறைய பயனற்றது, ஏனெனில் முப்பது பக்கக் கட்டுரையில் எந்த இரண்டு சொற்களும் எங்கேனும் இருக்கத்தான் செய்யும். நூலகர் குறிப்பிட்ட அண்மைத் தேடல்தான் எங்களுக்குக் கைகொடுக்கிறது.

காலத்தின் சொல்லை அறிந்திருப்பதும் வேண்டும். காசநோயைப் பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்துகளைத் தேடுபவர் 'டியூபர்குலோசிஸ்' என்று மட்டும் இட்டால் மிகச் சிலவே கிடைக்கும். அக்காலத்தவர் 'கன்சம்ப்ஷன்' என்றும் 'தைசிஸ்' என்றும் எழுதினார்கள். 'கன்சம்ப்ஷன்' என்று இட்டாலோ நுகர்வைப் பற்றிய பொருளியல் கட்டுரைகள் முழுவதும் வந்து சேரும். ஆகவே அதனருகே நுரையீரலையோ மருத்துவமனையையோ குறிக்கும் சொல்லைச் சில சொற்களின் இடைவெளியில் கேட்க வேண்டியிருக்கிறது. வருடப்பட்ட பழைய பக்கங்களைக் கணினி எழுத்தாக மாற்றும்போது நேர்ந்த பிழைகளால், அச்சில் சரியாக இருக்கும் சொல் தரவுத்தளத்தில் சிதைந்து கிடப்பதும் உண்டு. மேலும், ஜேஸ்டோரில் பல இதழ்களின் அண்மைய மூன்று முதல் ஐந்து ஆண்டுகளின் இதழ்கள் இருப்பதில்லை. அங்கே கிடைக்கவில்லை என்பதால் அண்மையில் எவரும் இப்பொருளைப் பற்றி எழுதவில்லை என்று முடிவு கட்டும் ஆய்வேடுகளைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இயற்பியல் வாசகர் எழுதியது:

மாணவி இனித் தேர்ந்த கட்டுரைகளைப் பெற முயல்வார் என்பதால் இதைச் சேர்க்கிறேன். கட்டுரையின் பக்கத்தில் பணம் கேட்டால் உடனே விட்டுவிட வேண்டாம். அன்பேவால் என்ற உலாவி நீட்சி, சட்டப்படி இலவசமாக வைக்கப்பட்டுள்ள படி எங்கேனும் இருந்தால் சுட்டிக் காட்டும். ஆசிரியர் தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இட்ட இறுதிக் கைப்படி பல வேளைகளில் அதில் அகப்படும். அதுவும் இல்லையென்றால் நூலகங்களுக்கிடையிலான இரவல் சேவை இருக்கிறது. ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினாலும் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைக்கிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் மேற்கோள்களைக் கேட்டு வாங்கும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. மாற்றுச் சொற்களை அவற்றிடம் கேட்பதில் பயன் உண்டு. கட்டுரைகளையே கேட்டால், இல்லாத கட்டுரைக்கு உண்மையான இதழின் பெயரையும் நம்பத்தகுந்த தலைப்பையும் பொருத்தித் தந்துவிடுகின்றன. அவை தரும் மேற்கோள் ஒவ்வொன்றின் டிஓஐ எண்ணையும், அதாவது கட்டுரைக்கு உரிய நிலையான அடையாள எண்ணையும், திறந்து, அதே கட்டுரைதானா என்று பார்த்த பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும். திறக்கும்போதே அந்தக் கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்துவிடலாம். திரும்பப் பெறப்பட்டவை அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் மேற்கோள் காட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

ஆய்வு மாணவி எழுதியது:

அனைவரின் அறிவுரைப்படி ஒரு தொடரை உருவாக்கியிருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்: (நர்ஸ் என்பதன் முதல் நான்கு எழுத்துகளோடு நட்சத்திரக் குறி) ஆண்ட் (நைட் என்பதோடு நட்சத்திரக் குறி ஆர் 'ஷிஃப்ட் வொர்க்' ஆர் 'ரொட்டேட்டிங் ஷிஃப்ட்' ஆர் 'எக்ஸ்டெண்டட் வொர்க் அவர்ஸ்') ஆண்ட் (ஸ்லீப் என்பதோடு நட்சத்திரக் குறி ஆர் ஃபட்டீக் ஆர் டிரௌசினஸ்). மருந்துப் பிழையை மீளாய்வுக் குழு உறுப்பினர் சொன்னபடி விட்டுவிட்டேன். ஒவ்வொரு தளத்திலும் தேடிய நாள், இட்ட தொடர், வந்த எண்ணிக்கை ஆகியவற்றை ஓர் அட்டவணையில் குறித்துவருகிறேன். கட்டாயம் வர வேண்டிய கட்டுரைகள் அனைத்தும் வருகின்றன. இதில் திருத்த வேண்டியது ஏதேனும் உண்டா?

மீளாய்வுக் குழு உறுப்பினர் எழுதியது:

அட்டவணையில் தளத்தின் பெயரோடு அதை வழங்கும் நிறுவனத்தின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெட்லைன் என்னும் மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளம் ஒன்றேயானாலும் பப்மெட் வழியாகத் தேடுவதும் எப்ஸ்கோ வழியாகத் தேடுவதும் ஒன்றல்ல. தேடல் தொடரை எழுதியபடியே நகலெடுத்து வையுங்கள். மீளாய்வு அறிக்கைகளை எழுதுவதற்கான பிரிஸ்மா நெறிமுறையின் 2020 பதிப்பு, தேடிய எல்லாத் தளங்களின் முழுத் தொடரையும் அறிக்கையில் தரக் கோருகிறது. மற்றபடி, இந்தத் தொடரில் பொருள் தலைப்புகள் எங்கே? சொற்களோடு அவற்றையும் அந்தந்தக் குழுவுக்குள் 'ஆர்' கொண்டு சேர்க்க வேண்டும்.

துணை நூலகர் எழுதியது:

பொருள் தலைப்புகளைப் பற்றி அவர் சொன்னதே என் முதல் திருத்தமும். சினாலுக்கு அதன் தலைப்புகளை வைத்துத் தனித் தொடர் ஒன்றும், பப்மெட்டுக்கு மெஷ் தலைப்புகளை வைத்து மற்றொன்றும் தேவைப்படும்.

முதல் குழுவில் நீங்கள் வெட்டியிருக்கும் அடி, செவிலியரோடு 'நர்சரி' என்ற சொல்லையும், பாலூட்டும் தாய்மாரைக் குறிக்கும் 'நர்சிங் மதர்ஸ்' என்பதையும் இழுத்து வரும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அடுத்த குழுவோடு இணைக்கும்போது அவற்றில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். எஞ்சுவனவற்றைத் தலைப்பைப் பார்த்தே தள்ளிவிடலாம். பொருத்தமற்ற சில கூடுதலாக வருவது, பொருத்தமான ஒன்று விடுபடுவதைவிட மேல்.

இரண்டாவது குழுவில் உள்ள நட்சத்திரக் குறியை மட்டும் எடுத்துவிடுங்கள். 'நைட்' என்பதோடு குறியை இட்டால் 'நைட்டிங்கேல்' என்பதும் வரும். செவிலியத் துறையின் கட்டுரைகளில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பெயர் எத்தனை இடங்களில் வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் நிறுவிய பள்ளி, அவர் பெயரிலான விருது, உறுதிமொழி எல்லாம் செவிலியர் என்ற சொல்லோடு சேர்ந்தே இருப்பதால், முதல் குழுவோடு இணைத்தாலும் அவை உதிரமாட்டா. குறி இல்லாமல் 'நைட்' என்பதையும் அதன் பன்மையையும் தனித்தனியே எழுதி, 'ஷிஃப்ட்', 'டூட்டி', 'வொர்க்' ஆகியவற்றில் ஒன்று மூன்று சொற்களின் இடைவெளிக்குள் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பப்மெட்டில் அண்மைத் தேடலுக்குள் 'ஆர்' இட இயலாது, ஆகவே அங்கே ஒவ்வோர் இணையையும் தனியாக எழுதி அவற்றை 'ஆர்' கொண்டு சேர்க்க வேண்டும். திருத்திய தொடரை உங்கள் கணக்கில் சேமித்து மின்னஞ்சல் அறிவிப்பையும் இயக்கிவிட்டால், ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள்வரை புதிதாக வருபவை தாமாக உங்களிடம் வந்து சேரும்.